கரண்டைக் குறைத்தவர்

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாகக் கொப்பியும் பேனையும் எடுத்து வைப்பேன், பிறகு மூடிவிடுவேன். ஒருமுறை கார்த்திகை விளக்கீட்டன்று தொடங்கினேன். இரண்டு வரி எழுதியதும் கை நின்றுவிட்டது. இன்னொரு முறை முழுவதையும் எழுதி முடித்துக் கோணேசர் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சுவாமி முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கிழித்துப் போட்டேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்துப் பிழை வரும் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மையான பயம் அது இல்லை.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் கொஞ்சம் வயதான ஆட்களிடம் கரண்டைக் குறைத்தவரைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் ஒரு கதை சொல்வார்கள். "ஓ, அந்தாளோ? கரண்டைக் குறைக்கிறன் எண்டு சொல்லி ஸ்ரூடியோக் கொம்பியூட்டரைப் பழுதாக்கி, ஏழு பேரின்ர கடல் பாஸைக் கெடுத்தவர்." அந்தக் கதை பிழை. அது பிழை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். மற்றவன் நான்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எதிலும் தன் பெயரைப் போடாத மனிதர். ஊர் அவருக்குப் "பாப்பம் அண்ணை" என்று பெயர் வைத்திருந்தது. எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். "அண்ணை, இந்த ரேடியோ சரிவருமோ?" "பாப்பம்." "அண்ணை, பின்னேரம் மழை வருமோ?" "பாப்பம்." தேத்தண்ணிக் கடையில் ஒருவன் பகிடிக்குக் கேட்டான்: "அண்ணை, நீங்கள் உயிரோடதானே இருக்கிறீங்கள்?" அவர் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் நின்றார். கடை முழுக்கச் சிரித்தது. "எழுபத்திரண்டு," என்றார். அவர் சிரிக்கவில்லை.

பாலையூற்றில் ஓர் அறையில் தனியாக இருந்தார். வெருகல் பக்கத்து ஆள் என்று சிலர் சொன்னார்கள். கப்பலில் வேலை செய்தவர் என்று சிலர் சொன்னார்கள். அவரிடம் கேட்டால், "இப்ப இஞ்சதானே இருக்கிறன்" என்பார். கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஒரு சைக்கிள், அதன் கரியரில் கட்டிய ஒரு பிஸ்கற் தகரம். தகரத்துக்குள் நாலு ஸ்குரூ டிரைவர், பல் தீட்டும் பிரஸ் ஒன்று, நாற்பது பக்கக் கொப்பி ஒன்று. ரேடியோவோ கணினியோ பழுதானால், ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் வந்து கூட்டிப்போனால்தான் அவருக்கு வேலை. ஆட்களின் வாயில் இருந்த நல்ல சொல்தான் அவருடைய கடை.

என்னுடைய ஸ்ரூடியோ துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்தது, வீடு லிங்கநகரில். பிலிம் காலத்தில் படம் கழுவிய இருட்டறையைத்தான், டிஜிட்டல் கமரா வாங்கிய பிறகு, கணினி அறையாக்கினேன். யன்னல் இல்லாத அறை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உள்ளே போனால் பாண் சுடும் போறணைக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். கணினியும் தன் பங்குக்குக் கொதிக்கும். கொதித்து, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். கரண்ட் போனால் லொறிப் பற்றரியில் ஓட்டுவேன், அதையும் அரை மணித்தியாலத்தில் குடித்து முடித்துவிடும்.

சமாதானம் என்று சொன்ன காலம் முடிந்து, சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. படம் இல்லாமல் ஒன்றும் நடக்காத காலம். வீட்டில் குடியிருக்கப் படம், வீதியால் போகப் படம், கடலில் இறங்கப் படம். சல்லியிலும் நிலாவெளியிலும் இருந்த கடற்றொழிலாளர் படையினரின் அனுமதிப் பாஸ் இல்லாமல் தோணியைத் தள்ள ஏலாது. பாஸில் ஒட்டுவதற்குப் படம் வேண்டும். நான் காலையில் கடை திறந்து, திருநீறு பூசி, ஒரு தேவாரம் பாடிவிட்டு அம்பாளிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "தாயே, இண்டைக்கு இது நிக்காமல் ஓடோணும்."

பக்கத்துத் தையல் கடைக்காரர்தான் அவரைக் கூட்டிவந்தார். வந்தவர் கணினியைத் தொடவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஓடுது?"

"கொதிச்சு நிக்கிற வரைக்கும் அண்ணை."

"அது எவ்வளவு நேரம்?"

"அரை மணித்தியாலம் இருக்கும்."

"இருக்குமோ, இருக்கோ?"

அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். கணினி நிற்கும்வரை அந்தப் போறணைக்குள் வியர்க்க வியர்க்க இருந்தார். இருபத்திரண்டு நிமிடம். கொப்பியில் எழுதினார். பிறகு திரும்பவும் போட்டார். பத்தொன்பது நிமிடம். அதையும் எழுதினார். மூன்றாம் முறைதான் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே கடல் உப்பும் தூசியும் சேர்ந்து காற்றாடியில் களிமண் மாதிரிப் படிந்திருந்தது. பல் தீட்டும் பிரஸால் ஓர் இலை ஓர் இலையாகத் துடைத்தார். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்து நான் எழும்பினேன்.

"இனி கரண்டைக் குறைச்சுப் பாப்பம்," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "என்ன அண்ணை, கரண்ட் காணாமல் நாங்கள் சாகிறம். நீங்கள் இருக்கிறதையும் குறைக்கிறதெண்டு சொல்லுறீங்கள்!"

அப்போது அவர் சொன்னது எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. ஏனென்றால், படித்த ஆட்கள் எத்தனையோ பேர் பிறகு எனக்கு விளங்கப்படுத்தப் பார்த்தார்கள். அவர் சொன்ன மாதிரி ஒருவரும் சொல்லவில்லை.

"தம்பி, இந்தக் கொம்பியூட்டரின்ர மூளை இருக்கெல்லே, கொம்பனிக்காரன் இதைப்போல லட்சக்கணக்கில செய்யிறான். எல்லாம் ஒரே மாதிரி வராது. சிலது கொஞ்சக் கரண்டில ஓடும், சிலதுக்குக் கூட வேணும். ஒவ்வொண்டையும் இருத்திவைச்சுப் பாக்க அவனுக்கு நேரமில்லை. அதால எல்லாத்துக்கும் பெரிய சட்டையா ஒரே அளவில தைச்சு விட்டிட்டான். உங்கட மூளைக்கு எந்த அளவு காணும், போதும் எண்டு அதிட்டைத்தான் கேக்கோணும். மிச்சமாப் போற கரண்டுதான் சூடா வாறது."

"அதிட்டைக் கேட்டா அது சொல்லுமோ?"

"சொல்லும். ஆனா கெதியாச் சொல்லாது, மெல்ல மெல்லத்தான் சொல்லும்."

கணினி விழித்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு விசையை அழுத்தினார். நான் அதுவரை கண்டிராத ஒரு நீலத் திரை வந்தது. அதற்குள் எத்தனையோ எண்கள். அவற்றில் ஒன்று 1.4, அதாவது ஒன்று தசம் நாலு, என்று இருந்தது. அந்த மூளைக்குப் போகும் மின்னழுத்தம் அதுதானாம். அதை ஒரு படி, ஒரேயொரு சின்னப் படி, குறைத்தார். நூறில் ஒரு பங்குகூட வராது. பிறகு ஒரு கணக்குச் செய்யும் நிரலை ஓடவிட்டார். மிகப் பெரிய இலக்கங்களைப் பெருக்கி, வரும் விடையை முதலே தெரிந்த சரியான விடையோடு ஒப்பிட்டுப் பார்க்குமாம். ஒரு சுற்று முடிந்ததும் திரையில் ஒரு வரி வரும். பிறகு அடுத்த சுற்று. அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

"இனி?"

"இனி இருக்கிறதுதான்."

இப்படி மூன்று கிழமைக்குக் கிட்ட வந்துபோனார். அந்த நாட்களில் பழைய பாஸ்கள் எல்லாம் செல்லாது என்று சொல்லிக் கடலை மூடியிருந்தார்கள். கடைக்கு ஆட்கள் வருவது குறைவு. எனக்கும் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ஒரு படி குறைப்பார், ஓடவிடுவார், எழுதுவார். இன்னொரு படி. கொப்பியில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் விழும். நான் பொறுமை கெட்டு, "அண்ணை, ஒரேயடியா நாலு படி இறக்கினா என்ன?" என்று கேட்டால், "நிண்டிட்டா எந்தப் படியில நிண்டதெண்டு தெரியாதே" என்பார்.

ஒருநாள் கணினி அப்படியே உறைந்து நின்றது. திரை அசையவில்லை. நான் தலையில் கை வைத்தேன். அவர் துள்ளி எழும்பி, "நிண்டிட்டுது! நிண்டிட்டுது!" என்று, பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைக் கண்ட தகப்பன் மாதிரிக் கூவினார்.

"பழுதாப் போச்சோ அண்ணை?"

"சீ, ஒண்டும் ஆகேல்லை. இது நல்ல குணம். ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லி நிக்குது. நிக்காமல், ஓடிக்கொண்டே பிழையான விடையைச் சரியெண்டு சொல்லுமே, அதுதான் மோசம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடும்."

அந்த மனிதரின் மற்ற வாழ்க்கையும் இந்தக் கொப்பிக்குள்தான் இருந்தது. தேத்தண்ணியில் சீனியைக் கிழமைக்குக் கால் கரண்டி குறைத்துக்கொண்டு போனார். என் மனைவி, "சீனி வருத்தமோ அண்ணை?" என்று கேட்டாள். "இல்லைத் தங்கச்சி. எனக்கு எவ்வளவு காணும் எண்டு தெரியாது. அதான் பாக்கிறன்." சைக்கிள் சில்லுக்கும் அப்படித்தான், எவ்வளவு காற்றில் உருட்டச் சுகம் என்று அடித்து அடித்துப் பார்ப்பார். சீனி ஒரு கரண்டியில் நின்றது. "அதுக்குக் கீழ போனா எனக்குக் கோவம் வருது," என்றார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் எழுதி வைத்திருந்தார்.

துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்கும் நாட்களில், வீதியில் எல்லோரும் ஒருவருக்கொருவர் "அது பயிற்சி, ஒண்டும் இல்லை" என்று சொல்லிக்கொள்வார்கள். என் மனைவியும் அவரிடம் கேட்பாள். "பயிற்சியோ அண்ணை?" அவர் ஆறுதலாக ஒரு பொய்கூடச் சொல்லமாட்டார். "தெரியாது தங்கச்சி. ஆனா நேற்றையைவிடத் தூரம். நேற்று யன்னல் கண்ணாடி அதிர்ந்தது, இண்டைக்கு அதிரேல்லை." முதலில் அவளுக்கு ஆத்திரம். "ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனுசன்." பிறகு பிறகு, சத்தம் கேட்டால் அவள் வேறு யாரையும் கேட்பதில்லை. "இந்தாள் தூரமெண்டா தூரம்தான்," என்று சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போடுவாள்.

அவரைச் சோதனைச்சாவடியில் பிடித்த கதையையும் சொல்ல வேண்டும். ஒரு காலை அவருடைய பிஸ்கற் தகரத்தைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொப்பியைக் கண்டதும் சந்தேகம். பக்கம் பக்கமாகத் தசம் போட்ட எண்கள், நேரங்கள், சரி அடையாளங்கள். ஏதோ இரகசியக் குறிப்பு என்று நினைத்து, பக்கத்து முகாமுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். செய்தி கேட்டு நான் ஓடிப்போய் வாசலில் நின்றேன். கும்பிடாத தெய்வம் இல்லை. மதியம் தாண்டி ஒரு சிப்பாய் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டான். உள்ளே ஓர் அதிகாரியின் மேசைக்குப் பக்கத்தில் இவர் கதிரை போட்டு இருக்கிறார். விசயம் இதுதான்: எண்கள் என்னவென்று காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அங்கிருந்த கணினியிலேயே காட்டியிருக்கிறார். அதுவும் கொதிக்கிற பெட்டிதான். அதிகாரிக்குச் சந்தோசம். "கெதர யன்ன, கெதர யன்ன," வீட்டுக்குப் போ என்று சிங்களத்தில் சொல்லிக் கையைக் காட்டுகிறார். இவர் எழும்பவில்லை.

"அண்ணை, போகச் சொல்லுறாங்கள். எழும்புங்கோ!" என்று நான் காதுக்குள் சொன்னேன்.

"எப்பிடிப் போறது? இன்னும் ரெண்டு மணித்தியாலம் ஓடோணும்."

"ஐயோ, உங்களுக்குப் பயித்தியமோ? விட்டாப் போதுமெண்டு ஆக்கள் ஓடுறாங்கள்!"

"பாதியில விட்டிட்டுப் போனா, பிறகு இந்த மனுசன் இதை நம்பி வேலை செய்யும். பிழையா வந்தா?"

அந்த மனுசன் யார், நாங்கள் யார், என்ன காலம் என்று ஒன்றும் அவருடைய தலைக்குள் இல்லை. இரண்டு மணித்தியாலமும் இருந்தார். எனக்கும் பால் விடாத பிளேன் ரீ கொடுத்தார்கள். பாதியை மடியில் ஊற்றிக்கொண்டேன்.

இப்படிப்பட்டவர் என்னை நம்பினார். அதைத்தான் எழுத வேண்டும்.

நவராத்திரி வந்தது. என் கணினிக்கு எந்தப் படி என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. நின்ற படிக்கு மேலே இரண்டு படி ஏற்றி வைத்திருந்தார். கையை வைத்தால் சுடவில்லை. காற்றாடிச் சத்தம் பாதி. பற்றரியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. எனக்கு அதுவே போதும். அவருக்குப் போதாது. கடைசியாக ஒரு முழு நாள், இருபத்திநாலு மணித்தியாலம், நிற்காமல் ஓட வேண்டுமாம். ஒரு புதன்கிழமை பின்னேரம் ஓடவிட்டுவிட்டு, "இதைத் தொட வேண்டாம் தம்பி. நாளைக்குப் பின்னேரம் பாப்பம்," என்றார். ஓம் என்று தலையாட்டினேன். நாளைக்கு என்ன நாள் என்று அந்த நேரம் எனக்கு நினைவில்லை.

மறுநாள் ஆயுத பூசை.

காலையில் முழுகி, மனைவி பொங்கித் தந்த சர்க்கரைப் புக்கையும் பூவும் சந்தனமும் கொண்டு கடையைத் திறந்தேன். கமரா, முக்காலி, படம் வெட்டும் கத்தி எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். இருட்டறைக்குள் கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வரிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அன்றைக்கு ஆயுதங்கள் ஓய்ந்திருக்க வேண்டும். என் அப்பா காலத்தில் அன்றைக்குக் கமராவின் மூடியைக்கூடக் கழற்றமாட்டோம். ஓடுகிற ஆயுதத்துக்கு எப்படிச் சந்தனம் வைப்பது? உள்ளே போனேன், வெளியே வந்தேன், திரும்பவும் உள்ளே போனேன். கணினிதான் இப்போது என் சோறு. அதை விட்டுவிட்டு மற்றதுகளுக்கு மட்டும் பூசை செய்ய மனம் வரவில்லை. பாதிக்கு மேல் ஓடிவிட்டதுதானே என்று எனக்கு நானே சொன்னேன். நிறுத்தினேன். பெட்டியில் மூன்று குறி சந்தனம் இழுத்து, குங்குமம் வைத்து, பூ வைத்து, விழுந்து கும்பிட்டேன்.

அன்று பின்னேரம் அவர் வரவில்லை, வீதியை மூடியிருந்தார்கள். அடுத்த நாள், விசயதசமி காலையில், சைக்கிளுக்கு வழி விடாததால், பாலையூற்றிலிருந்து நடந்தே வந்தார். அதற்குள் நான் கணினியைத் திரும்பப் போட்டு வேலைக்கு ஆயத்தமாக வைத்திருந்தேன். புதிய பாஸுக்கு அறிவித்தல் வந்துவிட்டது. சனிக்கிழமை சல்லியிலிருந்து ஆட்கள் படம் எடுக்க வருகிறார்கள்; திங்கட்கிழமைக்குள் படத்தோடு விண்ணப்பம் கொடுத்தால்தான் பாஸ். மூன்று கிழமையாக அவர்களின் தோணிகள் கரையில் கிடக்கின்றன. நிறுத்திவிட்டேன் என்று சொன்னால், இவர் திரும்பவும் முழு நாள் ஓட வேண்டும் என்று கதிரையைப் போட்டு இருந்துவிடுவார். அந்தப் பயம். அதோடு, வியர்த்து வழிய நடந்து வந்தவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கம்.

"முழுக்க ஓடினதோ தம்பி?"

"ஓம் அண்ணை. ஓடி முடிஞ்சுது. பிழை ஒண்டும் இல்லை."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

அவர் கொப்பியைத் திறந்து சரி அடையாளம் போட்டார். தான் பார்க்காத ஒன்றுக்கு அவர் சரி போட்டதை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை அறுபது பேருக்கு மேல் வந்தார்கள். கடைவாசலில் ஒரே கலகலப்பு. "சிரியாதேங்கோ அண்ணை, பாஸுக்குப் பல்லுத் தெரியக்கூடாது." "எனக்கு எங்கயடா பல்லு?" என்று ஒருவர். என்னிடம் கமராவுக்கு ஒரேயொரு சின்ன மெமரிக் காட்தான் இருந்தது. இருபது பேரை எடுத்ததும் படங்களைக் கணினிக்குள் ஏற்றி, அளவு சுருக்கி வைத்துவிட்டு, மெமரிக் காட்டில் இருந்ததை அழித்து அடுத்த இருபது பேர். கணினி ஒரு தடவைகூட நிற்கவில்லை. மத்தியானம் கரண்ட் போனது, பற்றரியிலும் ஓடியது. அன்றைக்கு நான் அம்பாளுக்கு எத்தனை தரம் நன்றி சொன்னேன் என்று கணக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அச்சடிக்க உட்கார்ந்தேன். ஏழு படங்கள் சரியில்லை. நெற்றியும் கண்ணும் இருக்கின்றன. மூக்குக்குக் கீழே முகம் பக்கத்துக்கு நகர்ந்து, சாம்பல் நிறக் கோடுகளாகப் போய்விட்டது. திரும்பத் திறந்தேன். அதே முகம். நிற்காமல் ஓடிக்கொண்டே விடும் பிழை என்று அவர் சொன்னது இதுதான். மெமரிக் காட்டில் அந்தப் படங்கள் இல்லை, மேலே வேறு ஆட்கள் ஏறிவிட்டார்கள். சல்லிக்கு ஆள் அனுப்பப் பார்த்தேன். அன்று வீதி அனுமதி இல்லை.

அவருக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து பார்த்தார். கணக்குச் செய்த நிரல் தான் செய்ததையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்குமாம்; அது எனக்குத் தெரியாது. அதைத் திறந்தார். வரிகள் வியாழக்கிழமை காலையோடு நின்றிருந்தன. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அந்தக் கடைசி வரியை அவர் வாசித்ததைப் பார்த்தேன். மூடினார். பெட்டியைத் திறந்து காற்றாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

திங்கட்கிழமை சல்லி ஆட்கள் வந்தார்கள். ஐம்பத்துச் சொச்சம் பேர் படத்தை வாங்கிக்கொண்டு பாஸ் கொடுக்கும் கந்தோருக்கு ஓடினார்கள். ஏழு பேர் நின்றார்கள். திரும்ப எடுத்து, அச்சடித்து, அவர்கள் போய்ச் சேர்வதற்குள் கந்தோர் யன்னலை மூடிவிட்டார்கள். அடுத்த தவணைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். திரும்ப என் கடைக்குத்தான் வந்தார்கள். அவர்களில் மூத்தவர், சொந்தத் தோணியும் வலையும் வைத்திருந்த, நெஞ்செல்லாம் நரைத்த ஒரு சம்மாட்டி, மேசையில் அடித்தார்.

"ஏன்ரா தம்பி, எங்கட முகம் மட்டும் உன்ர கமராவுக்குப் பிடிக்கேல்லையோ? வீட்டில போய் என்னத்தைச் சொல்லுறது?"

பாப்பம் அண்ணை அங்கேதான் இருந்தார், இருட்டறைக் கதவோரம், கையில் பிரஸோடு. என் வாய் தானாகத் திறந்தது.

"நான் என்ன அண்ணை செய்யிறது? இவர்தான் கரண்டைக் குறைச்சவர். அதால வந்த பழுது."

ஏழு பேரும் திரும்பினார்கள்.

"நீங்களோ கரண்டைக் குறைச்சது?" என்று சம்மாட்டி கேட்டார்.

"ஓம். நான்தான் குறைச்சனான்."

"கடவுளே! இருக்கிற கரண்டையும் குறைச்சவராம்! உம்மை ஆரப்பா இஞ்ச கூப்பிட்டது?"

அவர்கள் ஏசினார்கள், நிறைய ஏசினார்கள். போகும்போது தையல் கடையிலும் சொன்னார்கள், தேத்தண்ணிக் கடையிலும் சொன்னார்கள். அந்த ஏழு வீடுகளும் அடுத்த பாஸ் வரும்வரை இரண்டு மாதம் கடலில் இறங்கவில்லை. சம்மாட்டி மற்றவர்களின் கரைவலையில் கூலிக்குக் கயிறு இழுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று அவர்கள் போன பிறகு, பாப்பம் அண்ணை கணினியில் இரண்டு படி ஏற்றி வைத்தார். திரும்பவும் ஓடவிட்டு, இந்தமுறை முழு நாளும் கடையிலேயே இருந்தார். நான் சாப்பாடு கொண்டுபோனேன். சாப்பிட்டார். எல்லாம் முடிந்து தகரத்தைக் கட்டும்போதுதான் கேட்டார். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அறிய விரும்பும் ஒருவரின் குரல் அது, வேறொன்றும் இல்லை.

"அண்டைக்கு ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"ஆயுத பூசை அண்ணை. ஓடிக்கொண்டிருந்தா எப்பிடிப் பூசை வைக்கிறது?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"ஓ. எனக்கு அது நினைவில்லாமல் போச்சு. சொல்லியிருந்தா ஒரு நாள் பிந்தித் தொடங்கியிருப்பனே."

கொப்பியை எடுத்து, பழைய சரி அடையாளத்தை வெட்டிவிட்டு, பக்கத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"அண்ணை, அவைக்கு முன்னால நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"அவை கேட்டது கரண்டைக் குறைச்சது ஆரெண்டு. அது நான்தானே. நிப்பாட்டினது ஆரெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

அதன்பின் அவரைக் கூப்பிடுவார் இல்லை. "கரண்டைக் குறைக்கிற ஆள்" என்று பெயர் மாறியது. இரண்டொரு தரம் தேத்தண்ணிக் கடையில் கண்டேன். இடம் கொடுத்து நகர்ந்து இருந்தார், எப்போதும் போல. மாரி தொடங்கும்போது பாலையூற்று அறை பூட்டியிருந்தது. குச்சவெளிப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். கொழும்புக்கு என்றார்கள். அந்தக் காலத்தில் ஓர் ஆளைக் காணவில்லை என்றால் என்னென்னவெல்லாம் நினைக்க வேண்டியிருந்தது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். நான் தேடினேன். போதிய அளவு தேடவில்லை. அந்தக் கணினி மட்டும் அவர் கடைசியாக வைத்த அளவில் மேலும் ஐந்து வருடம் ஓடியது. ஒரு படம்கூடப் பழுதாகவில்லை. வருகிற ஆட்கள், "பரவாயில்லையே, அந்தாள் கெடுத்த பிறகும் ஓடுதே" என்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

பூசை செய்தது பிழை என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அம்பாளிடம் அதற்கு மன்னிப்பும் கேட்பதில்லை. மற்றதற்குக் கேட்டேன், கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆனால் கோயிலில் கேட்பது எனக்கும் அவளுக்கும் இடையில் நடப்பது. அந்த ஏழு வீட்டுக்கும் அது தெரியாது, தேத்தண்ணிக் கடைக்கும் தெரியாது. சம்மாட்டி போன வருடம் காலமாகிவிட்டார். செத்த வீட்டில் அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவின்ர பாஸை ஒரு விசரன் கெடுத்தானெல்லே, அதை அப்பா சாகும்வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்" என்றான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, இந்த முறை கிழிப்பதில்லை என்று இதை எழுத இருந்தேன்.

வாசிக்கிறவர்களே, உங்களில் யாராவது சல்லிப் பக்கம் போனால், துறைமுக வீதியில் யாராவது பழைய கதை எடுத்தால், இதைச் சொல்லுங்கள். எழுதியிருக்கிற மாதிரியே சொல்லுங்கள். என்மேல் பரிதாபப்பட்டு, நான் பயந்துபோய்ச் சொன்னேன் என்று மெதுவாக்க வேண்டாம். அவரையும் சாமியாக்க வேண்டாம். அவருக்கு அது பிடிக்காது. கரண்டைக் குறைத்தது அவர். சோதனையைப் பாதியில் நிறுத்தியது நான். நிறுத்தவில்லை என்று சொன்னதும் நான். அவர் முன்னாலேயே பழியை அவர் மேல் போட்டதும் நான். இதில் ஒன்றை விட்டாலும் கதை திரும்பவும் பிழையாகிவிடும்.